நாலாவது வெட்டு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் ஒருத்தரைத் தவிர யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். எட்ட இருந்தால் காதில் விழாது.

ஆணியில் தொங்குகிற அந்தச் சாவியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? அதற்கு வண்டி கிடையாது. வண்டியை எடைக்குப் போட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது.

அந்தச் சாவி அப்போது வேறொரு சுவரில், வேறொரு ஆணியில் தொங்கியது.

மலையடிவாரத்தில் ஒரு சர்வே ஆபீஸ். மாடியில் ஒரே அறை. இப்போது அங்கே மெத்தை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பக்கம் போனால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்றைக்கு அந்த அறையில் பழைய தாளும் பசையும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். மேலே மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று சொல்லும். அந்த 'டக்' இல்லாமல் எனக்கு இன்றைக்கும் சரியாகத் தூக்கம் பிடிப்பதில்லை.

நான் ஜீப் டிரைவர். மாசாணம். வண்டி ஓடாத நேரம் அந்த அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. காது மட்டும் எம்.ஏ.

உள்ளே இரண்டு பேர்.

ஒருவர் சவரிராயன் சார். வயசு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் சிவப்புப் பென்சிலால் பாரம், அதாவது படிவம், திருத்தியவர்.

இன்னொருவர் தாஹிரா. வயசு இருபத்தாறு. சாருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கத் திருச்சியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மகளைவிடச் சின்னவளை சார் 'டீச்சர்' என்று கூப்பிட்டார். முதல் நாள் கேலியாகத்தான் கூப்பிட்டார். மூன்றாம் நாள் கேலி போய்விட்டது. 'டீச்சர்' தங்கிவிட்டது.

வேலை இதுதான்.

மலைமேல் நாற்பது ஊர். ஊர் ஊராகப் போய் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தால் அது ஓர் எண் காட்டும். ரத்தத்தில் எவ்வளவு தெம்பு என்கிற எண். அதைப் பாரத்தில் எழுதிக்கொண்டு வருவோம். எண்ணைப் பார்த்து நிறம் சொல்ல வேண்டியது சாருடைய வேலை. சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சள் என்றால் சோகை. பச்சை என்றால் நல்ல ரத்தம்.

சிவப்பு அதிகமாக இருக்கிற பத்து ஊருக்கு டாக்டரும் மருந்தும் போகும். மற்ற முப்பதுக்கும் இரண்டு வருஷம் கழித்துத்தான்.

பட்டியல் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் சார் புலம்ப ஆரம்பித்தார்.

"டீச்சர், எழுதுன வரியையே எழுதுதேன். ஏழுக்குக் கீழன்னா சிவப்பு. பதினொண்ணுக்குக் கீழன்னா மஞ்சள். மத்ததெல்லாம் பச்சை. ஒரு ஊருக்கு எழுதி முடிச்சா அடுத்த ஊரு. அதே மூணு வரி. நேத்து ஒரு ஊருக்குப் பதினொண்ணுன்னு எழுதுததுக்குப் பதிலா நூத்திப்பதினொண்ணுன்னு அடிச்சுட்டேன். ஊரே மஞ்சளாப் போச்சு. வெரலு தேஞ்சிரும் போலிருக்கு."

டீச்சர் சாருடைய மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

தேய்ந்த பென்சில்கள். ஒரு செபமாலை. பாதி தின்ற கடலை மிட்டாய். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அட்டை.

கையளவு அட்டை. காலண்டர் பின்பக்கத்தில் வெட்டியது. ஓரத்தில் வரிசையாகச் சின்ன வெட்டுகள், அதன் பக்கத்தில் நிறப் பொட்டு. நடுவில் ஒரு தாள் நறுக்கைச் சொருகி வைக்க இடம்.

"இது என்ன சார்?"

சார் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆனது.

"அடடே. இது இங்கயா கெடக்கு? கம்ப்யூட்டர் வாரதுக்கு முந்தி நான் செஞ்சது. பாரத்துல எண்ணுக்குப் பக்கத்துல இதை வைப்பேன். நறுக்குல இருக்க அளவோட ஒத்துப் பாப்பேன். எந்த வெட்டுக்கு வருதோ அந்த நெறத்துல டிக் போடுவேன். அப்பல்லாம் பாரம் மச்சு வரைக்கும் அடுக்கியிருக்கும் டீச்சர். நானும் இதும் மட்டும்தான்."

"எத்தனை அட்டை செஞ்சீங்க?"

"ஒண்ணுதான்."

"எத்தனை பாரத்துல வச்சீங்க?"

"அதுக்கு ஏது கணக்கு?"

டீச்சர் அட்டையை விசைப்பலகை மேல் வைத்தார். டீ குடிக்கக் கீழே போய்விட்டார்.

மின்விசிறி 'டக்' என்றது. மறுபடி 'டக்' என்றது.

"வே மாசாணம்," என்றார் சார்.

"சொல்லுங்க சார்."

"நான் ஒரு கிறுக்கன்வே."

"இதைச் சொல்லவா கூப்பிட்டீய? ஊருக்கே தெரிஞ்சதுதானே."

சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். எழுதினார். அழித்தார். எழுதினார்.

டீச்சர் வந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒரே தடவைதான் எழுதியிருக்கேன் டீச்சர். அந்த மூணு வரிக்கும் ஒரு பேரு வச்சுட்டேன். நிறஞ்சொல்லி. இனி எந்த ஊரா இருந்தாலும் பேரச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும், வந்து வேலையைப் பாத்துட்டுப் போயிரும்."

"ஃபங்ஷன்னு சொல்றது அதைத்தான்," என்றார் டீச்சர்.

"எந்த மண்டபத்துல?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை சார் முகம் மறுபடி தொங்கிவிட்டது.

"புள்ளைகளுக்கு ஏழும் பதினொண்ணும். பொம்பளைகளுக்கு எட்டும் பன்னெண்டும். ஆம்பளைகளுக்கு எட்டும் பதிமூணும். அளவு மாறுதே டீச்சர். அப்ப மூணு நிறஞ்சொல்லி வேணுமே?"

டீச்சர் அட்டையை எடுத்தார். நடுவில் சொருகியிருந்த நறுக்கை உருவி சார் உள்ளங்கையில் வைத்தார். அட்டையை மேஜையில் வைத்தார்.

சார் நறுக்கைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"அட்டை ஒண்ணு," என்றார்.

நறுக்கைத் தூக்கிப் பிடித்து, "நறுக்குதான் மூணு," என்றார்.

பிறகு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே தட்டினார். "ஏழு பதினொண்ணுன்னு உள்ள எழுதி வைக்கப்பிடாது. கூப்பிடும்போது கையில குடுக்கணும். இந்தா, இது புள்ளைக்கு. இந்தா, இது ஆம்பளைக்கு. நிறஞ்சொல்லி ஒருத்திதான். குடுக்குத நறுக்கை வாங்கிட்டு நெறத்தைச் சொல்லுவா."

அன்றைக்கு மத்தியானம் அந்த அறையில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சுக்குள் இனிக்கிறது. சார் எனக்கும் டீச்சருக்கும் முறுக்கு வாங்கிக்கொடுத்தார். அவருக்குப் பல் இல்லை. நாங்கள் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. நாற்பது ஊர்ப் பட்டியல். பிரிண்டர் கிர்ரென்று இழுத்துத் துப்பியது.

"ஒரே நிமிஷம்வே! நாப்பது ஊரு, எல்லா வயசும், ஒரே நிமிஷம். அந்தக் காலத்துல இதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆவும்."

நீட்டினார். எனக்கு ஊர்ப்பெயர் படிக்கத் தெரியும். மேலேயிருந்து பத்து ஊர் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தது. கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனேன். கடைசியில் நின்றேன்.

"என்னவே அப்படிப் பாக்கீரு?"

"ஒண்ணுமில்ல சார். நெல்லிப்பாறை கடைசில இருக்கு."

"கடைசின்னா நல்ல ஊருன்னு அர்த்தம். செவப்பே இல்ல. நெல்லிக்கா தின்னு தெம்பா இருக்காங்க போல."

"மெஷின் பெட்டியத் தூக்கிட்டு நானும் அங்க ஏறினேன் சார். வழி காட்ட ஒரு பொண்ணு எறங்கி வந்திச்சு. அந்த மலையிலயே பொறந்து வளந்த பொண்ணு. மேல போறதுக்குள்ள ரெண்டு தடவ உக்காந்திருச்சு. நான் உக்காரல."

"மலையேறுனா உக்காரத்தான் செய்வாங்க. வண்டியப் பாத்துக்கிடும்வே. நெறம் சொல்ல நிறஞ்சொல்லி இருக்கா."

நான் பட்டியலை மேஜையில் வைத்தேன்.

டீச்சர் எழுந்தார். பீரோவிலிருந்து நெல்லிப்பாறைக் கட்டை எடுத்துவந்தார். இருபத்திரண்டு பாரம். பிரிண்டர் தாள் வந்த பெட்டி மூடி மூன்றை மேஜையில் வரிசையாக வைத்தார்.

"சிவப்பு. மஞ்சள். பச்சை," என்றார். "பிரிங்க சார்."

"கம்ப்யூட்டர் பிரிச்சாச்சே டீச்சர்?"

"கையால."

சாருக்குக் கோபம்தான். ஆனாலும் பழைய கை. பாரம் பட்டதும் வேகம் தானாக வந்தது. பச்சை. மஞ்சள். பச்சை. பச்சை.

ஐந்தாவது பாரத்தை எடுத்தார். கை அந்தரத்தில் நின்றது.

"ஏன் சார்?"

"இதுல எண் இல்ல டீச்சர்."

"இருக்கே. தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது."

"அது எண் இல்ல. மெஷின் ஒண்ணும் காட்டலன்னா அப்படிப் போடுவாங்க. அன்னைக்கு மேல மழை. வெரலு வெறச்சுப்போயி ரத்தம் வந்திருக்காது. கட்டத்தைக் காலியா விடப்பிடாதுன்னு ஒம்பதாப் போட்டு ரொப்பியிருக்காங்க."

"யார் சொன்னது, காலியா விடக் கூடாதுன்னு?"

சார் பாரத்தின் ஓரத்தை நீவினார்.

"நான்தான். கம்ப்யூட்டர் வந்த புதுசுல."

"சரி. அதை எந்தப் பெட்டியில போடப் போறீங்க?"

"எதுலயும் போட முடியாதே."

"உங்க கை நின்னுடுச்சு."

"ஆமா."

"நீங்க எழுதினது?"

சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மூன்று வரி. நறுக்கின் முதல் அளவுக்குக் கீழே சிவப்பு. இரண்டாவது அளவுக்குக் கீழே மஞ்சள். மத்ததெல்லாம் பச்சை. டீச்சர் விரல் மூன்றாவது வரியில் இருந்தது.

"சார், இந்த மத்ததெல்லாம் யாரு?"

மின்விசிறி 'டக்' என்றது.

சார் பாரத்தை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அடுத்ததை எடுத்தார். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. அதற்கடுத்ததும் அதேதான். மீதி முழுவதும் எடுத்துப் பார்த்தார். இருபத்திரண்டில் எட்டுக்குத்தான் எண் இருந்தது. பதினாலு பாரம் கையில் நின்றுவிட்டது.

"பதினாலு பேரைப் பச்சைன்னு சொல்லிட்டேனே," என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஒருத்தர்கிட்ட ஒரு சொட்டு பாக்கல. நல்ல ரத்தம்னு சொல்லிட்டேன்."

டீச்சர் அட்டையைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான்.

சார் வெட்டுகளை விரலால் தடவினார். சிவப்புப் பொட்டு. மஞ்சள் பொட்டு. பச்சைப் பொட்டு.

அதற்குக் கீழே இன்னொன்று. அதன் பக்கத்தில் பொட்டு இல்லை.

"நாலு வெட்டு," என்றார். "நான் மூணைத்தான் எழுதியிருக்கேன்."

"நாலாவது எதுக்கு சார் வெட்டினீங்க?"

சார் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மொதல்ல மூணுதான் வெட்டினேன். ஒருநாள் ஒரு பாரம் வந்துச்சு. எண் இல்ல, வெறும் கட்டம். பச்சைப் பென்சில கையில எடுத்துட்டேன். மனசு கேக்கல. பிளேடு எடுத்து அடியில இன்னொண்ணு வெட்டினேன். எண் இல்லாததெல்லாம் இந்த வெட்டுக்கு வரும். இதுக்கு வந்ததை இந்தக் கல்லுக்கு அடியில வைப்பேன்."

மேஜை மேல் ஓர் ஆற்றுக்கல் இருந்தது. வழவழப்பாக, ஆட்டுக் குளம்பளவு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அது சும்மாதான் இருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"கல்லுக்கு அடியில வச்சுட்டு?" என்று கேட்டார் டீச்சர்.

சார் கல்லைத் தூக்கி அடியில் பார்த்தார். வெறும் மேஜை. முப்பது வருஷத்தில் எதையோ எங்கேயோ விட்டுவிட்ட முகம்.

"முதல்ல இதைச் சரி பண்ணுதேன்," என்றார்.

உட்கார்ந்தார். 'மத்ததெல்லாம்' என்கிற வரியை அழித்தார். எல்லாவற்றுக்கும் முதல் வரியாக, ஒன்பதாக நிரப்பியிருந்தால் 'தெரியாது' என்று எழுதினார். காலியாக இருந்தாலும் 'தெரியாது'. கடைசி வரியில், பச்சை என்றால் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் என்று சொல்லிவைத்தார். அதற்கும் மேலே போனால் அதுவும் 'தெரியாது'.

ஒரே இடத்தில்தான் திருத்தினார். நாற்பது ஊரும் திருந்தியது. பிள்ளைகள், பெண்கள், ஆண்கள் எல்லாம் ஒரே மூச்சில் மறுபடி வந்து நின்றார்கள்.

"ஒரு வரி டீச்சர்," என்றார். சந்தோஷமாகச் சொல்கிறாரா பயந்துபோய்ச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஒரு வரில நாப்பது ஊரும் தப்பாப் போச்சு. ஒரு வரில நாப்பது ஊரும் வந்திருச்சு."

பிரிண்டர் மறுபடி கிர்ரென்றது.

மற்ற ஊர்களில் ஒன்றிரண்டு பேர்தான் 'தெரியாது' என்று வந்தார்கள். பட்டியல் அதிகம் அசையவில்லை. நெல்லிப்பாறை மட்டும் எங்கேயும் நிற்கவில்லை. மேலேயும் வைக்க முடியாது, கீழேயும் வைக்க முடியாது. பதினாலு பாரமும் கல்லுக்கு அடியில் இருந்தது.

மணி பன்னிரண்டே கால். போன் அடித்தது. டைரக்டர். அவர் பேசினால் வாசல் வரைக்கும் கேட்கும்.

"பட்டியல் ரெடியா சவரிராயன்?"

"ஒரு ஊரு மட்டும் நிக்குது சார். நெல்லிப்பாறை. பதினாலு பேருக்கு ரத்த அளவு இல்ல."

"இல்லாட்டி என்ன? எதையாவது போட்டு ரொப்புங்க. நாலு மணிக்கு என் மேஜையில இருக்கணும். கட்டம் காலியா இருக்கக் கூடாது. நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்த பாடம்தான்யா அது."

போன் வைத்த சத்தம் கேட்டது.

சார் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தார். முப்பது வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு பட்டியல் பிந்திப் போனதில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மனுஷருக்கு இருந்த ஒரே கர்வம் அது.

நெல்லிப்பாறைக்கு ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். ரோடு முடிந்த பிறகு நடை ஒரு மணி நேரம். அன்றைக்கு மழை இல்லை. நல்ல வெயில்.

இதை யாரும் சொல்லவில்லை. நான்தான் ஸ்டூலில் உட்கார்ந்து மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். போய்த் திரும்ப அஞ்சு மணி நேரம், நாலு மணி தாண்டிவிடும்.

சார் டீச்சர் பக்கம் திரும்பினார். ஐம்பத்தாறு வயசு மனுஷர், பள்ளிக்கூடத்தில் சிலேட்டை நீட்டுகிற பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"டீச்சர், இந்தப் பதினாலு பேரை நான் எந்தப் பெட்டில போட?"

டீச்சர் எழுந்தார்.

பெட்டி மூடி மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். என்னைத் தாண்டி வாசல் சுவர்ப் பக்கம் வந்தார். ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தார்.

மேஜைக்குத் திரும்பிப் போய், பாரத்தின் மேலிருந்த கல்லைத் தூக்கி ஜன்னலில் வைத்தார்.

கல் இருந்த இடத்தில் சாவியை வைத்தார்.